தொங்குவதெல்லாம் பென்டன் அல்ல

கல்முனையில் பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில், ஒரு கதவின் அகலமே உள்ள பட்டறையில், வயதான பத்தர் ஒருவரிடம் அக்காவின் மகளுக்காக ஒரு சிறு நகை செய்யச் சொல்லப் போயிருந்தேன். மருமகள் கேட்டிருந்தது பாடுமீன். இடுப்புவரை பெண்ணும் அதற்குக் கீழே மீனுமாக, மீன்பாடும் தேன்நாடு என்னும் மட்டக்களப்பின் அடையாளமாக நாம் எங்கும் வரைந்து வைத்திருக்கும் அதே உருவம், சுண்டுவிரல் நகத்தளவில். கைத்தொலைபேசியில் இருந்த படத்தைப் பத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். எத்தனை கிராம் என்றோ எந்தத் தரத் தங்கம் என்றோ அவர் கேட்கவில்லை. "கழுத்துக்கா, கைக்கா?" என்பதுதான் அவருடைய முதற் கேள்வி.

இரண்டுக்கும் ஆகுமே என்றேன். "ஆகாது தம்பி. கழுத்துக்கெண்டால் பென்டன், கைக்கெண்டால் இப்ப பிள்ளைகள் சொல்லுற சாம். மீன் ஒண்டுதான், வேலை ரெண்டு" என்றார்.

பென்டன் என்பது ஆங்கிலத்தின் pendant, பத்தர் சாம் என்றது charm, அதாவது சார்ம். அந்த இரண்டு வேலைகளும் எங்கே பிரிகின்றன என்பது கடைகளில் அவ்வளவு தெளிவாக இல்லை. மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இதயம், நட்சத்திரம், ஆங்கில எழுத்து, சாவி, வண்ணத்துப்பூச்சி என்று சிறு உருவங்கள் ஒரே தட்டில் கிடக்கின்றன. கேட்டால், சிறியது சார்ம், பெரியது பென்டன் என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அளவை வைத்துப் பிரிப்பது வசதியான வழிதான், ஆனால் பிழையான வழி. குழந்தையின் கழுத்தில் அரைக் கிராமில் தொங்கும் பிள்ளையார் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பென்டன்தான். கைச்சங்கிலியில் வேறு நான்கு உருவங்களோடு சேர்ந்து ஆடும் இரண்டு கிராம் யானை சார்ம்தான்.

குழப்பத்தின் வேர் சொற்களிலேயே இருக்கிறது. பென்டன் என்று நாம் சொல்லும் சொல், தொங்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினையான 'பெண்டேரே' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அது நகையின் நிலையை மட்டும் சொல்கிறது: எதிலிருந்தோ தொங்குகிறது, அவ்வளவுதான். சார்ம் என்பதோ பாட்டையும் மந்திரத்தையும் குறித்த 'கார்மென்' என்ற லத்தீன் சொல்லின் பேர்த்தி. ஓதிக் கட்டியது, காப்பது, வசியம் செய்வது என்ற கருத்துகள் அதனோடு பிறந்தவை. ஆகவே ஒரு சொல் நகையின் இருப்பைச் சொல்கிறது, மற்றது நகை செய்வதாக நம்பப்படும் வேலையைச் சொல்கிறது. கதிரை என்பதையும் பரிசு என்பதையும் எதிரெதிர்ச் சொற்களாக எவரும் கொள்வதில்லை, ஏனெனில் ஒரு கதிரை பரிசாகவும் இருக்கலாம். பென்டனும் சார்மும் அப்படித்தான். ஒரே பொருள் இரண்டுமாக இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. நாமும் பதக்கம் என்று உருவத்துக்கும், தாயத்து, அச்சரக்கூடு என்று செயலுக்கும் தனித்தனிப் பெயர்களை வைத்திருந்தோம். இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் கடைத் தட்டில் கலந்துவிட்டன.

ஆனாலும் இன்றைய நகைத் தொழிலில் இவ்விரண்டு பெயர்களுக்கும் நடைமுறைப் பொருள் ஒன்று உறைந்துவிட்டது. பென்டன் என்பது சங்கிலியின் நடுவில், பெரும்பாலும் தனியாக, நெஞ்சின் மேல் வந்து நிற்கும் உருவம். பார்ப்பவர் கண் முதலில் அதில்தான் விழ வேண்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது; சங்கிலி அதைத் தாங்குவதற்காக இருக்கிறது. சார்ம் என்பது கூட்டத்தில் ஒன்று. ஒரு கைச்சங்கிலியிலோ கொலுசிலோ பல உருவங்கள் வெவ்வேறு நாளில், வெவ்வேறு காரணத்துக்காக வந்து சேர்கின்றன. எதுவும் மற்றதுக்குத் தலைமை தாங்குவதில்லை. பிறந்தநாளுக்கு ஒன்று, பரீட்சை பாஸானதற்கு ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்த சித்தி தந்த ஒன்று என்று அந்தச் சங்கிலி அணிபவரின் வயதோடு சேர்ந்து வளர்கிறது. பென்டனை வாங்கும்போதே நகை முழுமை பெற்றுவிடுகிறது. சார்ம் சங்கிலி முழுமை பெறாமல் இருப்பதுதான் அதன் அழகு.

இங்கே நம்முடைய பழைய நகைகள் இரண்டை நினைத்துப் பார்த்தால் எல்லை இன்னும் துலங்கும். காசுமாலையில் எத்தனையோ காசுகள் தொங்குகின்றன, ஆனால் அவற்றில் ஒன்றைக் கூட சார்ம் என்று சொல்ல முடியாது. எல்லாக் காசும் ஒரே அச்சு, எல்லாம் ஒரே நாளில் கோக்கப்பட்டவை, ஒன்று குறைந்தால் மாலை பழுதுபட்டது என்றுதான் சொல்வோம். அட்டியலின் நடுவிலே கல் பதித்த பதக்கம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது அட்டியலோடு சேர்த்துச் செய்யப்பட்டது, கழற்றி வேறு சங்கிலியில் போட இயலாதது. ஆகவே அதைப் பதக்கம் என்று சொன்னாலும் இன்றைய கடைமொழியில் பென்டன் என்று எவரும் சொல்வதில்லை. கழற்றி மாற்றக்கூடிய தன்மை பென்டனுக்கு உண்டு, தனித்தனிக் கதை சார்முக்கு உண்டு. காசுமாலைக்கும் அட்டியலுக்கும் இவை இரண்டும் இல்லை.

பத்தரின் பட்டறையில் அன்று ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்ததில் இந்த வேறுபாட்டின் கைவேலைப் பக்கத்தையும் பார்க்கக் கிடைத்தது. உண்மையில் இந்தப் பொருளில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான். உமி நெருப்பு வைக்கும் உமியோட்டுக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து அவர் இரண்டு பழைய உருவங்களை எடுத்துக் கையில் வைத்தார். முதலாவது ஒரு முருகன் பென்டன். அதன் தலைப்பக்கத்தில், ஊசிக்கு இருப்பதுபோல நீண்ட காது ஒன்று இருந்தது. சங்கிலியின் கொக்கியும் அதைத் தாண்டிப் போக வேண்டும் என்பதனால் அந்தக் காது உருவத்தின் அளவுக்குச் சற்று மிஞ்சியதாகவே தோன்றும். துளை முன்பக்கம் பார்க்காமல் இடமிருந்து வலமாகப் போகிறது. அப்போதுதான் உருவம் நெஞ்சில் முகம் காட்டி நிற்கும். முன்பக்கத்தில் நகாசு, கல், மெருகு எல்லாம் இருந்தன. பின்பக்கம் வெறுந்தகடு. பின்னால் யாரும் பார்க்கப் போவதில்லை என்பதோடு, தோலில் உராயும் பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதும் அதற்குக் காரணம்.

இரண்டாவது உருவம் ஒரு சிறிய தோணி. அதற்குக் காது இல்லை. உச்சியில் ஒரு சிறு துளையும் அதில் ஒரு வளையமும் மட்டும் இருந்தன. அந்த வளையம் சங்கிலியின் ஒரு கண்ணியில் மாட்டப்படுகிறது. பென்டனைப் போலச் சங்கிலி அதற்குள்ளே ஓடுவதில்லை, ஆகவே தோணி தன் கண்ணியை விட்டு நகர்வதும் இல்லை. மணிக்கட்டு சும்மா இருக்கும் உறுப்பு அன்று. சமையலறையிலும் மேசையிலும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியிலும் அது நாள் முழுவதும் அடிபடுகிறது, தொங்கும் உருவமோ சுழன்றுகொண்டே இருக்கிறது. அதனால் சார்முக்கு முன், பின் என்று பிரிவு கிடையாது, எல்லாப் பக்கமும் வேலை முடிந்ததாக இருக்க வேண்டும். மீனின் வாலைப் போன்ற நீண்ட மெல்லிய நுனிகள் இருந்தால் முதலில் சேலை முந்தானையைப் பிடிக்கும், பிறகு வளையும். உள்ளே பொள்ளலாகச் செய்தால் இரண்டு மாதத்தில் நெளிந்துவிடும். கழுத்தில் 22 கரட் தங்கம் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். கையில் அதே தங்கம் அடி வாங்கினால் இளகிய தன்மையைக் காட்டிவிடும். 22 கரட்டில் தங்கம் ஏறத்தாழ 91.6 சதவீதம், 18 கரட்டில் 75 சதவீதம். மிகுதியாகச் சேரும் செம்பும் வெள்ளியும்தான் 18 கரட்டுக்கு இறுக்கத்தைக் கொடுக்கின்றன. சார்ம்களுக்கு 18 கரட்டையும் 925 வெள்ளியையும் உலகெங்கும் அதிகம் பயன்படுத்துவதற்கு விலை மட்டும் காரணமில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது அந்த வளையம். கம்பியை வளைத்து வாயை வெறுமனே நெருக்கிவிட்டால் பார்வைக்கு மூடியதுபோல இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் இதே மருமகளுக்கு நகைக்கடை ஒன்றில் வாங்கிய சங்கு சார்ம், கல்லடிக் கடற்கரையில் ஒரு பின்நேரம் மணலோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது சங்கிலியில் வளையம் மட்டும் வாய் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் கேட்டதற்கு, இழுபட்டிருக்கும் என்றார்கள். அது உண்மைதான், இழுபடுவதற்கென்றே உள்ள இடத்தில் அதை மாட்டியிருந்தார்கள். வளையத்தின் வாயில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்திருந்தால் அது பிரிந்திருக்காது. பென்டனில் இந்தச் சிக்கல் குறைவு, அங்கே வேறு சிக்கல் இருக்கிறது: சங்கிலி காதுக்குள் ஓடி ஓடி, உள்பக்கத்தில் ஒரு பள்ளத்தைத் தேய்த்துக்கொண்டே போகும். பாரமான பென்டனை மெல்லிய சங்கிலியில் போடுபவர்களின் காதுகள் பத்து வருடத்தில் கடதாசிபோல ஆகிவிடுகின்றன என்று பத்தர் ஒன்றைக் காட்டினார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, உள்ளே வெளிச்சம் பிடித்தபோதுதான் தேய்வு தெரிந்தது.

கண்ணியில் மாட்டாமல் கோக்கும் சார்ம் இன்னொரு வகை. நடுவில் அகன்ற துளையுள்ள மணிகளாக அவை இருக்கும், கைச்சங்கிலியே அவற்றுக்குள் நுழையும். 1982இல் கோப்பன்ஹேகனில் தொடங்கிய பண்டோரா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இத்தகைய கைச்சங்கிலியை அறிமுகப்படுத்திய பிறகுதான் சார்ம் என்ற சொல் வளைகுடா நாடுகளின் கடைத்தொகுதிகள் வழியாகவும், அங்கே வேலைக்குப் போய் வருபவர்களின் பெட்டிகள் வழியாகவும் நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. மணி வகையில் எதுவும் தொங்குவதில்லை. ஆகவே தொங்குவது சார்ம் என்ற விளக்கமும் இங்கே உடைந்துபோகிறது; எஞ்சுவது, ஒவ்வொன்றாகச் சேர்ப்பது என்ற இலக்கணம்தான்.

இந்தச் சேர்க்கும் வழக்கத்துக்கு மேற்கில் மதிப்பைத் தந்தவர்களில் விக்டோரியா மகாராணி முதன்மையானவர். 1840இல் மூத்த மகள் பிறந்தபோது கணவர் அல்பர்ட் அவருக்கு ஒரு தங்கக் கைச்சங்கிலி கொடுத்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் எனாமல் பூசிய ஓர் இதயமாக அது ஒன்பது இதயங்கள்வரை வளர்ந்தது, ஒவ்வோர் இதயத்துக்குள்ளும் அந்தந்தக் குழந்தையின் முடி இருந்தது. திறந்து மூடும் லொக்கெட்டுகளாக இருந்தும் அவை சார்ம்களே, ஏனெனில் ஒன்பதும் ஒன்பது நாளின் நினைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இது பெருவழக்கானது தனிக் கதை.

அந்தக் கதையை விட நமக்கு அருகில் இருப்பது குழந்தையின் கழுத்து. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில் (77), கிண்கிணி கழற்றிய காலில் கழல் ஏறியிருக்கிறது, ஆனால் தாலியை இவன் இன்னும் கழற்றவில்லையே என்று இடைக்குன்றூர்கிழார் வியக்கிறார். அந்தத் தாலி திருமணத் தாலி அன்று; குழந்தைகளுக்குக் காவலாகக் கட்டும் ஐம்படைத்தாலி. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் திருமாலின் ஐந்து ஆயுதங்களும் அதில் இருக்கும். வியப்பு என்னவென்றால் உரோமச் சிறுவர்களும் 'புல்லா' என்ற காவல் பதக்கத்தைக் கழுத்தில் அணிந்து, ஆளான நாளில்தான் அதைக் கழற்றினார்கள். வடிவத்தில் பென்டன், செயலில் சார்ம், கழற்றும் நாளில் ஒரு சடங்கு: தூரத்து இரண்டு சமூகங்கள் ஒரே மாதிரி எண்ணியிருக்கின்றன. ஐம்படைத்தாலி நம்மிடமிருந்து போய்விடவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகு பிள்ளைக்குப் போடவென்று வாங்கும் 'பஞ்சாயுதம்' அதுதான். சிங்களக் குடும்பங்களும் அதையே அதே பெயரில் வாங்குகின்றன. அம்பாறைப் பக்கத்துக் கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

சங்கப் பாடல்களில் வரும் புலிப்பல் தாலியும் இந்த இனம்தான். பல்லுக்கும் நகத்துக்கும் இருந்த அந்த மதிப்பு இங்கே சிறுத்தையின் நகத்துக்குப் போனது. பழைய வீடுகளில் தங்கப் பூண் போட்ட 'புலிநகம்' இன்னும் இருக்கக்கூடும். அதைப் புதிதாக வாங்க நினைப்பவர்கள் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நினைத்துக்கொள்வது நல்லது, சிறுத்தை பாதுகாக்கப்பட்ட விலங்கு.

அச்சரக்கூடு இன்னும் நுட்பமானது. குழாய் வடிவில் வெள்ளியிலோ தங்கத்திலோ செய்து, உள்ளே மந்திரம் எழுதிய தகட்டைச் சுருட்டி வைத்து மூடியிருப்பார்கள். கூட்டின் வெளியழகுக்கு யாரும் பெரிதாகக் காசு கொடுப்பதில்லை, பெறுமதி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத உள்ளடக்கத்தில் இருக்கிறது. கண்ணூறு, நாவூறு, இரவில் பயந்து அழுதல் என்று தாய்மார் சொல்லும் காரணங்கள் எல்லாச் சமூகத்திலும் ஒன்றுதான். முஸ்லிம் வீடுகளில் அதன் இடத்தில் திருவசனம் எழுதிய இசிம் கூடு இருக்கும், கத்தோலிக்கப் பிள்ளையின் கழுத்தில் மாதாவின் சுரூபம் இருக்கும். வைகாசிச் சடங்கில் கண்ணகியின் கதையைப் பாடும் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்த ஊர்களில், நகையின் உண்மை அதன் உள்ளே இருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை: சிலம்பு உடைந்து உள்ளிருந்த பரல் வெளியே தெறித்தபோதுதான் வழக்கே தீர்ந்தது.

இரண்டு இலக்கணமும் ஒரே நகையில் சேர்ந்து நிற்பதைப் பார்க்க விரும்பினால் தாலிக்கொடியைப் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழர் பலருடைய கொடியில் நடுவே தாலி, அதன் இரு பக்கமும் பவுண் காசுகள். தாலி பென்டனுக்குரிய இடத்தில், பென்டனுக்குரிய தலைமையோடு இருக்கிறது. ஆனால் அதை யாரும் அழகுக்காக நடுவில் வைக்கவில்லை; கணவனின் ஆயுள், கட்டிய நாள், மந்திரம் எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன, அந்த வகையில் அது சார்ம் என்ற சொல்லின் மூலப் பொருளுக்கு எந்த வணிகச் சார்மையும் விட நெருங்கியது. பக்கத்துப் பவுண்கள் பாரத்துக்கும் சமநிலைக்கும் அந்தஸ்துக்கும் கோக்கப்பட்டவை. தங்கம் வாங்கும்போது நாம் எட்டுக் கிராமைப் பவுண் என்று சொல்வதும் அந்த நாணயத்தால்தான்; பிரித்தானியத் தங்க நாணயம் 22 கரட்டில் 7.99 கிராம். தாலியை பென்டன் என்று சொன்னால் எந்த அம்மாவும் முகம் சுளிப்பார், அந்தச் சுளிப்பு சரியானதுதான் என்றே நான் நினைக்கிறேன்.

வாங்கும்போதும் அடகு வைக்கும்போதும் இந்த வேறுபாடு காசாகத் தெரியும். ஒரு கிராம் வீதம் எட்டுச் சார்ம் சேர்த்தால் ஒரு பவுண் தங்கம் கையில் இருக்கிறது என்பது கணக்கு. ஆனால் எட்டு முறை செய்கூலியும் எட்டு முறை சேதாரமும் கொடுத்திருப்போம், எனாமலும் கல்லும் அடகுத் தராசில் கழிந்துபோகும். எட்டுக் கிராமில் ஒரே பென்டன் செய்தால் கூலி ஒரு முறைதான். பெறுமதியைச் சேமிக்க நினைப்பவருக்குப் பென்டன் நல்லது. சார்ம் சேர்ப்பவர் நினைவுக்குச் செலவு செய்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு செய்தால் அதிலும் பிழையில்லை. எதுவானாலும் பற்றுச்சீட்டில் சங்கிலியின் நிறையையும் உருவத்தின் நிறையையும் கரட்டையும் தனித்தனியே எழுதி வாங்குவது நல்லது. வெள்ளிச் சார்ம் கறுத்தால் உடம்பில் நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்வதால் வரும் கறுப்பு அது, துடைத்தால் போகும்.

பாடுமீன் கடைசியில் கைக்கென்றே தீர்மானமாயிற்று. மருமகளோடு தொலைபேசியில் பேசிவிட்டுச் சொன்னதும் பத்தர் வாலின் நுனியை உள்ளே மடித்து மறுபடி வரைந்தார், முதுகுப் பக்கத்திலும் செதில் வெட்ட வேண்டும் என்று குறித்துக்கொண்டார், வளையத்துக்குத் தடித்த கம்பியாகத் தேர்ந்தார். இரண்டு கிழமை கழித்துப் போனபோது மீன் தயாராக இருந்தது. குறட்டால் பிடித்துக் கைச்சங்கிலியின் கண்ணியில் வளையத்தை மாட்டி, வாயில் பொடி வைத்து ஊதினார். ஆனால் அவர் மாட்டியது சங்கிலியின் நடுக் கண்ணியில் அன்று, அதிலிருந்து மூன்று கண்ணி தள்ளி ஒரு பக்கமாக. ஏன் என்று கேட்டேன்.

"நடுவில போட்டால் பென்டன் ஆகிடும். இனி வாறதுக்கும் இடம் வேணுமே" என்றார்.